மூட்டைக்கு ஏது அப்பன் பேரு?

ஏங்கண்ணு, பெங்களூர்ல உக்காந்துக்கிட்டே மஞ்சள் வாங்கி வித்து லாபம் பாத்துட்டியாமா? உங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறா. எனக்கும் சந்தோசம்தான். ஒரே ஒரு சந்தேகம். வாங்குன மஞ்சள் எங்க இருக்குது? யார் காட்டுல வெளைஞ்சது? வித்தது யாருக்கு? கேட்டா, "அதெல்லாம் தெரியாது அப்பிச்சி, போன்ல ரெண்டு தட்டு தட்டுனேன்"ங்கிறே. கையில கறை படாம மஞ்சள் யாவாரம் பண்ணுன மொத ஆளு நம்ம வம்சத்துலயே நீதான். உன்ற முப்பாட்டன் இருந்திருந்தா காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பலையைக் கையில எடுத்திருப்பாரு. நான் படிச்சவன். அதனால புத்தி சொல்றதோட நிறுத்திக்கிறேன்.

படிச்சவன்னா, எஸ்.எஸ்.எல்.சி. பாதி. மீதி உங்கம்மா புண்ணியம். பி.ஏ. பொருளாதாரம் படிச்சாளே, கல்யாணம் ஆனதும் நகைநட்டை ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டுப் போனவ, புஸ்தகத்தை மட்டும் பொறந்த வீட்டுக்கே சீதனமா விட்டுட்டுப் போயிட்டா. கரையான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு படிச்சோம். கரையான் வேகமாப் படிச்சுது. நான் நிதானமாப் படிச்சேன். அதுல தேறுனதைத்தான் இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதப் பாடம். ஒரு பொருளு பெரிய சந்தைக்குப் போகோணும்னா அதுக்கு அப்பன் பேரு இருக்கப்படாது.

மஞ்சளையே எடுத்துக்கோ. ஒம்பது மாசப் பயிரு. வைகாசி, ஆனியில ஊனுனா தை, மாசியில வெட்டு. வெட்டி, பொறுக்கி, வேக வெச்சு, களத்துல காயப் போட்டு எடுத்தா, அஞ்சு மூட்டை பச்சை மஞ்சள் ஒரு மூட்டையாச் சுண்டி நிக்கும். பொறவு பாலீஷ். அந்த ஒரு மூட்டைக்குள்ள மோட்டார் காயில் எரிஞ்சது, வாய்க்காத் தண்ணிக்குப் பங்காளியோட சண்டை போட்டது, உங்க அம்மிச்சி வளையலு அடகுக்குப் போனது எல்லாம் அடக்கம். ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல கொண்டு போய் எறக்குனா யாவாரி வருவாரு. ஒரு விரலியை எடுத்துப் பட்டுன்னு ஒடைப்பாரு. சத்தத்துல காய்ச்சல் தெரியும், உள்ளார நெறம் தெரியும். சீட்டுல ஒரு விலையை எழுதிப் பொட்டியில போட்டுட்டு அடுத்த குவியலுக்கு நகந்துருவாரு. எவ்வளவு ஒடைச்சாலும் அம்மிச்சி வளையலு மட்டும் அவர் கண்ணுல படறதே இல்லை.

யாவாரியைக் குத்தம் சொல்லாதே. குவியலுக்கு ஒரு கதை கேட்டா அவரு எப்பப் பொழைக்கிறது? விரலியா, கிழங்கா, காய்ச்சல் எப்படி, நெறம் எப்படி. இந்த நாலு கேள்விக்குள்ள அடங்குற வரைக்கும்தான் அது சரக்கு. ஒரு மூட்டைக்கு இன்னொரு மூட்டையை மாத்தி வெச்சா யாருக்கும் தெரியப்படாது. தெரியாதவன் தெரியாதவன்கிட்ட வாங்குறதுக்கு அதுதான் தைரியம்.

இந்தச் சந்தைக்கு ஒரு நெசமான பெருமையும் உண்டு. நம்ம சனத்துக்கு அது புடிக்காது, நீ மனசுல வெச்சுக்கோ. ஊருக்குள்ள எந்த வளவு, யாரு மகன்னு விசாரிச்சு முடிச்ச பொறவுதான் டம்ளரையே நீட்டுன ஊரு இது. வளவுக்காரர் குத்தகைக்கு ஓட்டி வெளைய வெச்ச மஞ்சளும் என்ற மஞ்சளும் அந்தக் கூடத்துல பக்கத்துப் பக்கத்துல கெடக்கும். நெறம் அவருதுல தூக்கலா இருந்தா விலையும் அவருக்குத்தான் எச்சு. ஊரு கேட்ட கேள்வியை யாவாரி கேக்கலை. அவரு நல்லவருன்னு சொல்ல வரலை. கேக்க நேரம் இல்லாதவரு, அவ்வளவுதான். அப்பன் பேரைச் சொல்லியே பொழைச்சவங்களுக்குச் சந்தைன்னா அப்பப்ப வயிறு எரியறதுக்குக் காரணம் இதுதான். நீ அந்த வகையறாவுல சேந்துராதே.

பேரைத் துடைக்கிற வித்தையில தேர்ந்தவங்க அமெரிக்காவுல சிகாகோக்காரங்க. முந்தி அங்கேயும் கோதுமை மூட்டை மூட்டையாத்தான் வந்துச்சு. யாரு காட்டு மூட்டைன்னு கடைசி வரைக்கும் அடையாளம் இருந்துச்சு. 1848ல யாவாரிகள் கூடி ஒரு வாரியம் போட்டாங்க. ரயில் வந்துச்சு, கோபுரம் கோபுரமாத் தானியக் கிடங்கு வந்துச்சு. மூட்டையைப் பிரிச்சு எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டு, ஒண்ணாம் தரம், ரெண்டாம் தரம்னு பிரிச்சு, கொண்டு வந்தவன் கையில ஒரு ரசீதைக் குடுத்தாங்க. உன்ற கோதுமையைத் திருப்பி வாங்க முடியாது. உன்ற தரத்துக் கோதுமையை வாங்கிக்கலாம். பொறவு ரசீதே கை மாற ஆரம்பிச்சுது. அப்பறம் இன்னும் வெளையாத கோதுமைக்கும் விலை பேசுனாங்க. மாவு மில்லுக்காரனுக்கு ஆறு மாசம் தள்ளி என்ன விலைன்னு இப்பவே தெரியோணும். வெள்ளாமைக்காரனுக்கும் தெரிஞ்சா நிம்மதி. அந்த வகையில அது நல்ல ஏற்பாடுதான். ஆனா நல்ல ஏற்பாடு எதுலயும் வேடிக்கை பாக்க வந்தவன் பந்தயம் கட்டாம இருந்ததில்லை.

நீ போன்ல தட்டுனது அந்த ஏற்பாட்டோட பேரப்புள்ளை. இங்க என்.சி.டி.இ.எக்ஸ். சந்தை 2003ல தொடங்குனாங்க. அதுல மஞ்சள் ஒரு லாட்டுன்னா 5 டன். விலைக்கு ஆதாரமா வெச்சிருக்கிறது தெலங்கானாவுல இருக்கிற நிஜாமாபாத்தை. தேதி முடியறதுக்குள்ள நீ தள்ளிவிட மறந்திருந்தா 50 குவிண்டால் மஞ்சள் உன்ற தலைக்கு வந்திருக்கும். நீ குடியிருக்கிற ரூமுல கட்டிலுக்கு அடியில எத்தனை குவிண்டால் வெப்பே? வீட்டுக்காரம்மா அட்வான்சுல கழிக்காமயா விடுவா?

சிரிக்காதே. எண்ணெய்க்காரங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. 2020 ஏப்ரல் 20. கொரோனாவுல உலகமே கதவைச் சாத்திக்கிட்டிருந்துச்சு. அமெரிக்காவுல கச்சா எண்ணெயை வாங்குறேன்னு ஒப்பந்தம் போட்டவங்களுக்கு எறக்கி வெக்க எடம் கெடைக்கலை. விலை பூச்சியத்துக்குக் கீழ போயி, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது. காசு குடுத்துப் பொருளு வாங்கறது ஊரு வழக்கம். பொருளையும் குடுத்துக் காசையும் குடுத்து "கொண்டு போயிரு சாமி"ன்னு கும்புட்டது அன்னிக்குத்தான். நம்ம எம்.சி.எக்ஸ். சந்தையிலயும் அந்தக் கணக்கை மைனஸ் 2,884 ரூபாய்னு முடிச்சாங்க. ஒரு சொட்டு எண்ணெயைக் கண்ணால பாக்காத நம்மாளுக, எண்ணெய் வேண்டாம்னு சொல்றதுக்காகப் பணம் கட்டுனாங்க.

வெங்காயக் கதை இன்னும் ருசி. 1955ல சிகாகோவுல ரெண்டு பேரு இருந்தாங்க, வின்சென்ட் கொசுகா, சாம் சீகல்னு. ஊருல இருக்கிற வெங்காயத்தையெல்லாம் மடக்கிப் பதுக்கி வெச்சாங்க. பொறவு விலை எறங்கும்னு சந்தையில பணத்தைக் கட்டிட்டு, பதுக்குனதைக் கொட்டு கொட்டுன்னு கொட்டுனாங்க. 50 பவுண்டு மூட்டை 10 சென்ட்டுக்கு வந்துருச்சு. வெங்காயம் போட்டு வந்த பைக்கு வெங்காயத்தைவிட விலை எச்சு. வெளைய வெச்சவங்க போட்ட கூச்சல்ல, 1958ல வெங்காயத்துக்கு முன்பேர யாவாரமே கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. இன்னிக்கும் அது இருக்குது. 2010ல சினிமா வசூலையும் அதே தடையில சேத்துட்டாங்க. வெங்காயமும் சினிமாவும் சேந்து கண்ணைக் கலங்க வெக்கறதை அமெரிக்காக்காரன் சட்டம் போட்டுத் தடுத்திருக்கான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விலை ஏறி எறங்குனா காட்டுல இருக்கிறவன் கதி என்னன்னு கேளு. 2010ல ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டுச்சு. உடனே நம்ம சனம் என்ன பண்ணுச்சு? வாழை போட்டவனும் மஞ்சள், கரும்பு போட்டவனும் மஞ்சள். விலையைப் பாத்துப் பயிர் வெச்சா, எல்லாரும் ஒரே விலையைப் பாக்கறாங்கங்கிறது மறந்து போகும். 2012 பொறக்கறப்ப 5,000க்குக் கீழ வந்துருச்சு. அப்பறம் ரொம்ப வருசம் கழிச்சு, 2023ல 10,000த்தைத் தாண்டுச்சு. நடுவுல மஞ்சளை விட்டுட்டுப் போனவங்க அப்ப வரப்புல நின்னு வேடிக்கை பாத்தாங்க. ரொம்பப் பேரு சேந்து ஒரே பொருளை வெளைய வெச்சா, அவங்களும் ஒரே பொருளு ஆயிடறாங்க கண்ணு. அவங்கள்ல யாரையும் தனியாக் கூப்பிட்டு யாரும் விலை பேசமாட்டாங்க.

இந்த ரகசியத்தை அரசாங்கத்துக்கே சொல்லிக் குடுத்தது நம்ம மொடக்குறிச்சிதான். 1996 சட்டமன்றத் தேர்தல். எங்க கொறையைக் கேக்க நாதி இல்லைன்னு வெள்ளாமைக்காரங்க கூட்டம் கூட்டமாப் போயி வேட்பு மனுப் போட்டாங்க. மொத்தம் 1,033 வேட்பாளர். ஓட்டுச் சீட்டைப் புஸ்தகமா அச்சடிச்சாங்க. தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. ஓட்டுப் போட வந்தவன் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, தெரிஞ்ச சின்னத்துல குத்திட்டுப் போயிட்டான். சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயிச்சாங்க. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழலை. அதாவது பொண்டாட்டி ஓட்டும் இல்லை, தன் ஓட்டும் இல்லை. ஆயிரம் பேரு சேந்து ஒரே கொறையைச் சொன்னா அது கொறையில்லை, குவியலுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

அரசாங்கத்துக்கும் ஒண்ணு புரிஞ்சுது. சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் அப்ப 250 ரூபாய். அதே வருசம் அதை 5,000 ஆக்கிட்டாங்க. நாங்க விலையை ஏத்துங்கன்னு கேட்டது உண்மைதான். எதோட விலைன்னு தெளிவாச் சொல்லாமப் போயிட்டோமாட்ட இருக்குது.

நிஜாமாபாத்காரங்க அதையும் தாண்டிப் பாத்தாங்க. 2019 நாடாளுமன்றத் தேர்தல்ல அந்தத் தொகுதியில 185 வேட்பாளர். அதுல 178 பேரு வெள்ளாமைக்காரங்க, பெரும்பாலும் மஞ்சளும் சோளமும் போட்டவங்க. சாவடிக்குச் சாவடி 12 ஓட்டு எந்திரத்தை வரிசையா அடுக்கி வெச்சாங்க. மஞ்சள் வாரியம் கொண்டு வர்றேன்னு பத்திரத்துலயே எழுதிக் குடுத்த ஒருத்தரு ஜெயிச்சாரு. வாரியம் 2025 பொங்கலன்னிக்கு வந்துச்சு. ஒம்பது மாசத்துல மஞ்சள் வெளையும். வாரியம் வெளைய ஆறு வருசம் ஆகும். ரெண்டுக்கும் பட்டம் வேற.

ரெண்டாம் பாடம். தொலைச்ச பேரைத் திருப்பி வாங்கறதுக்குச் செலவு அதிகம்.

1995ல அமெரிக்காவுல மிசிசிப்பியில இருக்கிற பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை குடுத்தாங்க. எதுக்குத் தெரியுமா? புண்ணுல மஞ்சள் வெச்சா ஆறும்ங்கிறதுக்கு. உங்க அம்மிச்சி கேட்டுட்டு, "அப்ப இத்தனை நாளாத் திருடியா நான்?"ன்னா. நம்ம நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். போயி, பழைய ஏடு, பழைய மருத்துவக் கட்டுரை எல்லாத்தையும் எடுத்துக் காட்டி வாதாடி, 1997ல அதை ரத்துப் பண்ண வெச்சுது. அம்மிச்சி இப்ப நிம்மதியா மஞ்சள் அரைக்கிறா. 2019ல "ஈரோடு மஞ்சள்"னு புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. மூட்டையில இருந்து துடைச்ச ஊரு பேரை, மனுப் போட்டு, ஆதாரம் காட்டி, மறுபடி மூட்டை மேல ஒட்டியிருக்கோம். நம்ம பேருதான், ஆனா சும்மா கெடைக்கலை.

நெறத்துக்கு மட்டும் விலை குடுத்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கோ. பங்களாதேசத்துல மஞ்சள் பளபளன்னு தெரியறதுக்காக லெட் குரோமேட்டுங்கிற ஈய ரசாயனத்தைப் பூசிக்கிட்டு இருந்தாங்க. 2019ல ஆராய்ச்சிக்காரங்க அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்த பொறவுதான் அந்த நாட்டு அரசு தடியை எடுத்துச்சு. வாங்கறவன் ஒடைச்சு நெறத்தைப் பாத்தான். விக்கறவன் நெறத்தைக் குடுத்தான். தின்னவன் யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சவன் புள்ளைக்கு எவனும் ஈயத்தைக் கரைச்சு ஊத்தமாட்டான். பேரில்லாத எடத்துலதான் அது சுலபம்.

உங்கம்மா புஸ்தகத்துல தாடிக்காரர் மார்க்ஸ் 1867லயே இதைத் தொட்டிருக்காரு. "மூலதனம்"ங்கிற அத்தனை பெரிய நூலை, முதலாளியைத் திட்டி ஆரம்பிப்பாருன்னு பாத்தா, ஒரு சரக்கைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறாரு. மனுசனுக்கும் மனுசனுக்கும் இருக்கிற ஒறவு, பொருளுக்கும் பொருளுக்கும் இருக்கிற ஒறவா வேசம் கட்டிக்குதுன்னு சாரம். என்ற மஞ்சள் உன்ற சட்டையோட நல்லாப் பேசிக்குது; நீயும் நானும்தான் பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கிறோம்.

எதைச் சந்தையில விடறது, எதை விடக்கூடாதுங்கிறதுக்கு நம்மகிட்டயே ஒரு பாடம் இருக்குது, மொய் நோட்டு. 500 ரூபாய் நோட்டுக்கு நோட்டு வித்தியாசம் கெடையாது. ஆனா மொய்ப் பந்தல்ல அதே நோட்டுக்கு ஊரு, பேரு, யாரு மகன்னு எழுதி வெக்கறோம். இருவது வருசம் கழிச்சு அந்த வீட்டுக் கல்யாணத்துல அதே பக்கத்தைப் புரட்டறோம். கடன்தான், ஆனா பேரு வெச்ச கடன். கடையில பணத்தை எறிஞ்சா ஒறவு அங்கியே முடிஞ்சுது. பந்தல்ல குடுத்தா அப்பத்தான் ஆரம்பம். ரெண்டும் வேணும். பந்தல் பழக்கத்தைக் கடைக்குக் கொண்டு போனா கடைக்காரன் போண்டி. கடைப் பழக்கத்தைப் பந்தலுக்குக் கொண்டு வந்தா நீ போண்டி.

எல்லை தாண்டுன பொருளு எத்தனையோ. ஆடம் ஸ்மித் 1776ல யோசிச்சாரு: தண்ணி இல்லாம உசுரு இல்லை, ஆனா அதுக்கு விலை இல்லை, வைரத்தால ஒரு உபயோகமும் இல்லை, ஆனா விலை வானத்துல நிக்குதே, ஏன்? பாவம், அந்த மனுசன் 20 லிட்டர் கேனைப் பாக்காமப் போய்ச் சேந்துட்டாரு. கார்ல் போலானின்னு ஒரு ஹங்கேரிக்காரர் 1944ல சொன்னது இன்னும் உறைக்குது. நெலம், மனுச உழைப்பு, பணம் இந்த மூணையும் யாரும் விக்கறதுக்குன்னு உண்டாக்கலை. ஆனாலும் சரக்குன்னு பாவிச்சுச் சந்தையில விட்டுட்டு, சமுதாயம் ஏன் ஆட்டம் காணுதுன்னு தலையைச் சொறியறோம்.

அந்த மூணுல நடுவுல இருக்கிறது நீதான் கண்ணு. உன்ற ஆபீசுல உன்னை என்னன்னு கூப்புடறாங்க? ரிசோர்ஸ். உனக்குத் தரம் உண்டு, பேண்டுன்னு பேரு. உன்னை ஒடைச்சுப் பாக்கறது உண்டு, அது இன்டர்வியூ. நாங்க விலை வர்ற வரைக்கும் மஞ்சளைக் கிடங்குல போட்டு வெக்கறோம். உங்களை வேலை வர்ற வரைக்கும் பெஞ்சுல போட்டு வெக்கறாங்க. மஞ்சளுக்காவது கிடங்குல இருக்கறப்ப வயித்தெரிச்சல் கெடையாது. உன்ற எடத்துல இன்னொருத்தனை வெச்சா யாருக்கும் தெரியாதுங்கிற நெலமை வந்த அன்னிக்கு, உன்ற விலையை நீ பேசமாட்டே; உன்னைவிடக் கொறைச்சலுக்கு வர்றவன் பேசுவான்.

அதுக்குத் தப்பிக்கிற வழியையும் மண்டியிலயே பாத்திருக்கேன். ஆயிரம் குவியல் இருந்தாலும், நேரா வந்து "அந்தக் கோபிக்காரர் மஞ்சள் எறங்கியிருக்குதா?"ன்னு கேட்டு நிக்கிற யாவாரி ஒண்ணு ரெண்டு பேரு இருக்காங்க. ஈர மூட்டையை உள்ள திணிச்சு ஒருக்காலும் ஏமாத்தாதவருன்னு பேரு. பத்திரமும் குறியீடும் இல்லாம, வருசக் கணக்கா ஒழுங்கா இருந்து சம்பாதிச்ச பேரு. விக்கறப்ப உன்ற பேரைக் கேட்டு ஆளு வரோணும்; வாங்கறப்ப வெளைய வெச்சவன் பேரை நீ கேக்கோணும். ரெண்டுல ஒண்ணாவது இருந்தா சந்தை உன்னை முழுங்காது. சும்மா கடிச்சுப் பாக்கும், அவ்வளவுதான்.

போன் யாவாரத்தை விடச் சொல்லலை. விட்டா உங்கம்மா பேச விசயம் இல்லாமப் போயிரும். ஆனா விக்கற பொருளை ஒரு தடவையாவது தொட்டுப் பாரு. வர்ற மாசியில மஞ்சள் வெட்டு. ஊருல ஆளு கெடைக்கலை; பீகார்ல இருந்து வந்த பசங்களை நம்பித்தான் இருக்கோம், அவங்களும் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வர்றாங்க. நீ லீவு போட்டுட்டு வா. கூலி ஊரு நெலவரப்படி, அப்பிச்சிங்கிற சலுகை கெடையாது. மத்தியானத்துக்குள்ள முதுகு புடிச்சுக்கும், அதனால உனக்கு மூணாம் தரந்தான் போடுவேன். பேரம் பேசோணும்னா உங்க அம்மிச்சிகிட்டப் பேசு. சந்தைக்கே அவதான் விலை சொல்றா.